பேரவையில் ஒரு நாள்: வினாவும் விடையும்

முன்னுரை

சட்டமன்றப் பேரவை என்றவுடன் பொதுமக்கள் நினைவில் எழுவன சொற்போரும் கூச்சலும் வெளிநடப்புமே. நாளிதழ்கள் அவற்றையே பெரிய எழுத்தில் தருகின்றன. ஆயினும் பேரவை கூடும் நாட்களில் மிகப் பல, வழக்கமான அலுவல்களிலேயே கழிகின்றன. வினா கேட்கப்படுகிறது, விடை தரப்படுகிறது, ஏடுகள் அவைமுன் வைக்கப்படுகின்றன, ஒரு துறையின் செலவுக்கு இசைவு பெறப்படுகிறது, அவை மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. ஓசையின்றி நடைபெறும் இவ்வலுவல்களே குடிமக்களுக்கு உண்மையான காவல் என்பது நம் கருத்து. நிதிநிலைக் கூட்டத்தொடரில் வரும் ஒரு நாளை எடுத்துக்கொண்டு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் அலுவல் முறையை இக்கட்டுரையில் ஆராய்வோம். வினாவையும் விடையையும் வகைப்படுத்திய நம் இலக்கண மரபையும் இதற்குத் துணையாகக் கொள்வோம்.

பேரவையின் வரலாறு

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்படி, சென்னை மாகாணச் சட்ட மேலவை 1921இல் செயற்படத் தொடங்கியது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக 1937 முதல் பேரவை, மேலவை என ஈரவைகள் அமைந்தன. விடுதலைக்குப் பின் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலை அடுத்து, 1952இல் கூடிய சென்னை மாநிலப் பேரவையில் 375 இடங்கள் இருந்தன. ஆந்திரம் பிரிந்ததாலும் மொழிவழி மாநிலங்கள் அமைந்ததாலும் அவ்வெண்ணிக்கை குறைந்து, 1967 முதல் 234 ஆக நிலைபெற்றது. மேலவை 1986ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நீக்கப்பட்டது. ஆகவே இன்று தமிழ்நாட்டின் சட்டமன்றம் பேரவை ஒன்றை மட்டுமே உடையது.

எதிர்க்கட்சி என்னும் பொறுப்பு இப்பேரவையில் தொடக்கக் காலத்திலேயே வேரூன்றியது. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள் 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றப் பேரவையின் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கியது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆட்சியை நடத்துவோர் போன்றே ஆட்சியை வினவுவோரும் அவையின் இன்றியமையா உறுப்பினர் என்பதை அந்த மரபு உணர்த்துகிறது.

அவை கூடுதல்

பேரவையின் அலுவல் எதுவும் அன்றன்று முடிவு செய்யப்படுவதன்று. எந்த நாளில் எந்த அலுவல், அதற்கு எவ்வளவு நேரம் என்பவற்றை அலுவல் ஆய்வுக் குழு முன்னரே வகுத்துத் தருகிறது. அதன்படி நிகழ்ச்சி நிரல் அணியமாகி உறுப்பினர்களுக்கு வழங்கப்படுகிறது. அவை தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 208ஆம் பிரிவு அளித்துள்ளது.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள பேரவை மண்டபத்தில் மணி ஒலிக்கிறது. பேரவைத் தலைவர் தம் இருக்கைக்கு வருகிறார். உறுப்பினர்கள் எழுந்து வணங்குகின்றனர். திருக்குறள் ஒன்று படிக்கப்பட்டு, அதன் பொருள் கூறப்பட்ட பின்னரே நாளின் அலுவல் தொடங்குகிறது. மறைந்த முன்னாள் உறுப்பினர் எவருக்கேனும் இரங்கல் தெரிவிக்க வேண்டியிருப்பின், அவை எழுந்து நின்று அமைதி காக்கிறது.

அவை நடைபெற மொத்த உறுப்பினருள் பத்தில் ஒரு பங்கினரேனும் அமர்ந்திருத்தல் வேண்டும் என்பது 189ஆம் பிரிவின் விதி. 234 இடங்கள் கொண்ட நம் பேரவைக்கு இது 24 பேர் ஆகும். இதனைக் குறைவெண் வரம்பு என்பர். இவ்வெண் குறையுமாயின் அவையை ஒத்திவைப்பதோ சிறிது நேரம் நிறுத்திவைப்பதோ தலைவரின் கடமையாகும். வருகை என்பதும் ஓர் உறுப்பினரின் பணியே என்பதை இவ்விதி சொல்லாமற் சொல்கிறது.

வினா நேரம்

நாளின் முதல் ஒரு மணி நேரம் வினாக்களுக்கு உரியது. உறுப்பினர் தம் வினாவை முன்கூட்டியே எழுதிப் பேரவைச் செயலகத்துக்கு அனுப்புகிறார். வாய்மொழியாக விடை வேண்டும் வினாக்களுக்கு உடுக்குறி இடப்படுகிறது. அவை உடுக்குறியிட்ட வினாக்கள். எழுத்து வடிவில் மட்டும் விடை பெறுவன உடுக்குறியிடாத வினாக்கள். உடுக்குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் விடை கூறியவுடன், அதன் தொடர்பாகத் துணை வினாக்கள் எழுப்பப்படும். எழுதிய வினாவுக்கு எழுதிய விடை போதும். துணை வினாவுக்கோ அமைச்சர் தம் துறையை அறிந்திருக்க வேண்டும். ஆதலின் வினா நேரத்தின் உயிர் துணை வினாவிலேயே இருக்கிறது எனலாம்.

உறுப்பினர் எவரும் அமைச்சரை நேரே விளித்து வினவுவதில்லை. 'மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே' என்று தொடங்கி, 'அரசு முன்வருமா என்பதைத் தங்கள் வாயிலாக அறிய விரும்புகிறேன்' என்று முடிப்பதே மரபு. சினம் மிக்க இருவருக்கிடையே மூன்றாமவர் ஒருவரை நிறுத்தும் இம்முறை வெறும் சடங்கன்று. சொல்லின் சூட்டைத் தணித்துப் பொருளை மட்டும் கடத்தும் வழி அது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறு வகையாகப் பகுத்துள்ளார். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. பேரவையின் வினா நேரத்தில் இவ்வாறனையும் காணலாம்.

ஒரு பாலத்தின் பணி எப்போது முடியும் என்று அறியாத உறுப்பினர் கேட்பது அறியா வினா. ஒரு திட்டம் கைவிடப்பட்டதா, தள்ளிவைக்கப்பட்டதா என்று கேட்பது ஐய வினா. தம் தொகுதிக்குக் கல்லூரியோ மருத்துவமனையோ பெறும் நோக்கில் 'அரசு முன்வருமா' என்று கேட்பது கொளல் வினா. பேரவையில் மிகுதியாக ஒலிப்பது இதுவே. விடையைத் தாம் முன்னரே அறிந்திருந்தும், அதனை அமைச்சரின் வாயாலேயே அவைக் குறிப்பில் ஏற்றும் பொருட்டு எதிர்க்கட்சியினர் கேட்பது அறிவினா. 'அமைச்சர் அவ்விடத்தை நேரில் பார்த்தாரா' என்று கேட்டுப் பார்க்கச் செய்வது ஏவல் வினா. அமைச்சர் ஒரு நற்செய்தியை அறிவிப்பதற்கு வாய்ப்பு வழங்கும் வகையில் ஆளுங்கட்சி உறுப்பினர் கேட்பதைக் கொடை வினா என்று கொள்வதில் தவறில்லை.

விடையும் உறுதிமொழியும்

விடையை நன்னூல் எட்டாகப் பகுக்கிறது. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வினாவுக்கு நேராக வரும் விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் நேராக வாராமல், குறிப்பால் விடையாக அமைவன.

பேரவையில் அளிக்கப்படும் எழுத்துவழி விடைகளில் 'ஆம்', 'இல்லை' என்பன முறையே நேர் விடையும் மறை விடையும் ஆகும். முதற் பகுதிக்கு 'இல்லை' என்று விடை வந்தால் அடுத்த பகுதிக்கு 'வினா எழவில்லை' என்று குறிப்பது வழக்கம். ஒரு கல்லூரி வேண்டும் என்று உறுப்பினர் கேட்கிறார் எனக் கொள்வோம். 'முந்தைய ஆட்சியில் ஏன் தொடங்கவில்லை' என்று அமைச்சர் திருப்பிக் கேட்பது வினா எதிர் வினாதல். 'நிலம் எடுப்பதில் வழக்கு நேர்ந்துவிட்டது' என்பது உற்றது உரைத்தல். 'இப்போது தொடங்கினால் நிதிச்சுமை கூடும்' என்பது உறுவது கூறல். 'புதிய கல்லூரி இல்லை. அருகிலுள்ள கல்லூரியில் புதிய பாடப்பிரிவு தரப்படும்' என்பது இனமொழி. 'உறுப்பினர் மாவட்ட ஆட்சியரை அணுகட்டும்' என்பது ஏவல் விடை.

இலக்கணத்தார் குறிப்பு விடைகளையும் விடை என்றே ஏற்றுக்கொண்டனர். ஆனால் ஆட்சியில் குறிப்பு விடை ஆபத்தை உடையது. கேட்டவர் பெற்றுவிட்டதாக எண்ணுவார். சொன்னவர் எதையும் தராதிருப்பார். 'பரிசீலனையில் உள்ளது', 'ஆவன செய்யப்படும்', 'நிதி நிலைமைக்கேற்பக் கவனிக்கப்படும்' என்னும் தொடர்களின் பொருள் எத்தகையது என்பது மொழி பயில்வோர்க்கு உரிய கேள்வி மட்டுமன்று. ஓர் ஊரின் குடிநீரும் சாலையும் அத்தொடர்களின் பொருளைச் சார்ந்துள்ளன.

இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தே உறுதிமொழிக் குழு என்னும் அமைப்பு தோன்றியது. மக்களவையில் இத்தகைய குழு 1953இல் அமைந்தது. நம் பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு இயங்குகிறது. அமைச்சர் அவையில் கூறிய சொற்களுள் எவை உறுதிமொழி ஆகும் என்று தேர்ந்து, அவை நிறைவேற்றப்பட்டனவா என்று இக்குழு ஆராய்கிறது. 'இப்பொருள் ஆய்வில் உள்ளது', 'நான் இதனைக் கவனிப்பேன்' என்பன போன்ற தொடர்களையும் உறுதிமொழியாகக் கொள்வது மக்களவையின் நடைமுறை. நழுவிச் செல்வதற்காகச் சொன்ன சொல்லையும் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு இது. பொதுக்கூட்ட மேடையில் கூறிய வாக்குறுதியைப் பின்தொடரக் குழு ஏதும் இல்லை. அவையில் கூறிய சொல்லுக்கு உண்டு. இவ்வேறுபாட்டை மாணவர் மனத்திற்கொள்ள வேண்டும்.

வினா நேரம் இல்லாத நாளின் இழப்பு இதிலிருந்து விளங்கும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் கூடிய நாடாளுமன்றக் கூட்டத்தொடரில் வினா நேரம் இடம்பெறவில்லை. எழுத்துவழி விடைகள் வந்தன. துணை வினா எழுப்பும் வாய்ப்பு இல்லாது போயிற்று. அதே மாதத்தில் நம் பேரவை, இடைவெளி பேணும் பொருட்டுக் கோட்டையை விட்டுக் கலைவாணர் அரங்கத்தில் கூடியது. இடம் மாறினாலும் அவை நடக்கும். வினா மறைந்தால் அவையின் பயன் குன்றும்.

அன்றாடச் சிக்கல்கள்

வினா நேரம் முடிந்தபின், அன்றைய அவசரச் செய்திகளை உறுப்பினர் எழுப்புகின்றனர். இதனை நேரமில்லா நேரம் என்பர். ஒரு பொருள்பற்றி அமைச்சரின் அறிக்கையை வேண்டுவது கவன ஈர்ப்பு. அவையின் பிற அலுவல்களை நிறுத்திவைத்து ஒரு பொருளையே விவாதிக்கக் கோருவது ஒத்திவைப்புத் தீர்மானம். பொது முக்கியத்துவம் உடைய பொருள்பற்றி அமைச்சர் தாமே அறிக்கை அளிப்பதற்கு விதி 110 இடம் தருகிறது. அவ்வறிக்கையின்மீது விவாதம் கிடையாது. விவாதம் இல்லாத அறிவிப்பு விரைவானது. ஆனால் வினாவுக்கு உட்படாதது. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

பேச்சுரிமைக்கும் வரம்பு உண்டு. நீதிபதிகள் தம் கடமையில் நடந்துகொண்ட முறைபற்றி அவையில் விவாதித்தலாகாது என்பது 211ஆம் பிரிவு. அவைக்கு ஒவ்வாத சொற்களைக் குறிப்பிலிருந்து நீக்கும் அதிகாரம் தலைவருக்கு உண்டு.

ஏடுகள் அவைமுன் வைத்தல்

நிகழ்ச்சி நிரலில் மிகக் குறைந்த நேரத்தைப் பெறுவது 'அவைமுன் வைக்கப்படும் ஏடுகள்' என்னும் பகுதி. ஏடுகளின் பட்டியல் உண்டு, அமைச்சர் எழுந்து ஒரு தொடரைக் கூறுவார், அலுவல் முடிந்துவிடும். காண்போர்க்கு இது பொருளற்ற சடங்காகத் தோன்றலாம். ஆயின் மாநிலக் கணக்குகள்பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அளிக்கும் அறிக்கை, 151ஆம் பிரிவின்படி இவ்வழியாகவே அவைக்கு வருகிறது. பின்னர்ப் பொதுக் கணக்குக் குழு அதனை ஆராய்கிறது.

அவை கூடாத காலத்தில் ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டமும் இவ்வாறு வைக்கப்பட வேண்டும். அவை மீண்டும் கூடி ஆறு வாரம் கடந்தால் அது செயலிழக்கும் என்பது 213ஆம் பிரிவு. இச்சிறு நடைமுறை புறக்கணிக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்குப் பீகார் மாநிலம் சான்று. அங்கு 1967 முதல் 1981 வரையில் 256 அவசரச் சட்டங்கள், சட்டமன்றத்தின் வழியே சட்டமாக்கப்படாமல், மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்பட்டு உயிர்ப்பிக்கப்பட்டன. அவற்றுள் சில பதினான்கு ஆண்டு வரை நீடித்தன. இதனைக் கண்டறிந்து உலகுக்கு உரைத்தவர் ஓர் அரசியல்வாதி அல்லர். புனே நகரின் கோகலே நிறுவனத்தைச் சார்ந்த பொருளியல் பேராசிரியர் டி.சி. வாத்வா. அவர் தொடுத்த வழக்கில், இச்செயல் அரசியலமைப்பை ஏய்க்கும் செயல் என உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அவசரச் சட்டத்தை அவைமுன் வைத்தல் கட்டாயக் கடமை என்று 2017 சனவரியில் எழுவர் அமர்வு மேலும் உறுதிப்படுத்தியது. நூலகத்தில் அரசிதழ்களைப் புரட்டிய ஓர் ஆசிரியரின் உழைப்பு ஒரு நாட்டின் ஆட்சிமுறையைத் திருத்தியது என்பது கல்லூரி மலரில் பதியத்தக்க செய்தி அன்றோ!

மானியக் கோரிக்கை

நிதிநிலைக் கூட்டத்தொடரில் நாளின் பெரும்பகுதி மானியக் கோரிக்கைகளுக்கு உரியது. வரவு செலவுத் திட்டத்தின் செலவுப் பகுதி துறைவாரியாக ஐம்பதுக்கு மேற்பட்ட கோரிக்கைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. உயர்கல்வித் துறையின் கோரிக்கை எண் 20. ஒவ்வொரு துறையும் தன் பணிகளை விளக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை உறுப்பினர்க்கு வழங்குகிறது. மாணவர் உதவித்தொகை, விடுதி, ஆசிரியர் நியமனம் முதலியனபற்றி அறிய விரும்புவோர்க்கு இக்குறிப்பேடுகள் சிறந்த தரவுகள்.

203ஆம் பிரிவின்படி பேரவை ஒரு கோரிக்கைக்கு இசையலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். கூட்டுதல் இயலாது. நீதிபதிகளின் ஊதியம், அரசின் கடன் வட்டி முதலியவை வாக்கெடுப்புக்கு உட்படாதவை, எனினும் விவாதிக்கப்படலாம். செலவைக் குறைக்கக் கோருவது வெட்டுத் தீர்மானம். பல கோடி ரூபாய்க் கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்குமாறு அடையாள அளவில் கோருவது இந்தியச் சட்டமன்ற மரபு. நூறு ரூபாய் அரசுக்குப் பொருட்டன்று. அதனைக் காரணமாகக் கொண்டு ஒரு குறையைப் பேசுவதே நோக்கம்.

உறுப்பினர் பேசுகின்றனர்; தத்தம் தொகுதியின் தேவைகளை எடுத்துரைக்கின்றனர். அதிகாரிகள் குறிப்பெடுக்கின்றனர். இறுதியில் அமைச்சர் பதிலுரைத்துப் புதிய அறிவிப்புகளை வெளியிடுகிறார். வெட்டுத் தீர்மானங்கள் திரும்பப் பெறப்படும் அல்லது தோற்கும், கோரிக்கை நிறைவேறும். அனைத்துக் கோரிக்கைகளும் நிறைவேறிய பின் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வரும். சட்டத்தின் துணையின்றி மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுத்தலாகாது. ஏழை வணிகர் செலுத்தும் வரிக்கும் அவர்தம் மகன் பெறும் உதவித்தொகைக்கும் இடையே நிற்கும் வாயில் இந்த நாளின் வாக்கெடுப்பே.

மக்களவையில் நேரம் போதாமையால், விவாதிக்கப்படாத கோரிக்கைகள் அனைத்தும் கடைசி நாளில் ஒருசேர வாக்கெடுப்புக்கு விடப்படுவதுண்டு. இதற்குக் கில்லட்டின் என்று பெயர். பிரெஞ்சு நாட்டில் தலையை வெட்டப் பயன்பட்ட கருவியின் பெயரே அது. விவாதத்தின் தலை வெட்டப்படுகிறது என்னும் உண்மையைப் பெயரே ஒப்புக்கொள்கிறது. கூச்சலில் கழிந்த ஒவ்வொரு மணி நேரமும் ஒரு துறையின் செலவை வினாவின்றிக் கடக்கச் செய்யும் என்பதை நாம் மறத்தலாகாது.

சட்டமுன்வடிவும் வாக்கெடுப்பும்

நாளின் இறுதியில் சட்டமுன்வடிவுகள் வரலாம். அறிமுகம், ஆய்வு, நிறைவேற்றம் என அதற்குப் படிகள் மூன்று. தலைவர் வினாவை அவைக்கு விடுக்கிறார். ஏற்போர் 'ஆம்' என்கின்றனர். மறுப்போர் 'இல்லை' என்கின்றனர். இது குரல் வாக்கெடுப்பு. ஐயம் எழுந்தால் எண்ணிக் கணிக்கப்படும். இருபுறமும் வாக்கு ஒத்திருந்தால் மட்டுமே தலைவர் தம் வாக்கை அளிப்பார். தம் கட்சியினரைத் தவறாது அவைக்கு வரச் செய்வது கொறடாவின் பொறுப்பு. கொறடா என்னும் சொல்லுக்குச் சாட்டை என்பது பொருள். ஆங்கிலத்தில் இப்பொறுப்புக்கு வழங்கும் சொல்லுக்கும் அதுவே பொருள்.

அவை ஒத்திவைக்கப்பட்ட பின்னும் ஓர் அலுவல் தொடர்கிறது. பேசியவை அனைத்தும் சுருக்கெழுத்தாளர்களால் எழுதப்பெற்றுப் பேரவை நடவடிக்கைகள் என்னும் தொகுதிகளாகின்றன. இப்பதிவின் வலிமைக்கு ஒரு சான்று காட்டலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தேவதாசி முறையை ஒழிக்க வேண்டிச் சென்னைச் சட்ட மேலவையில் 1927இல் தீர்மானம் கொணர்ந்தார். எதிர்ப்புகள் பல எழுந்தன. இருபது ஆண்டு கழித்து, 1947இல், அம்முறையைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அன்றைய நாளில் அதுவும் நிகழ்ச்சி நிரலில் ஓர் எண்ணாகவே இருந்திருக்கும்.

முடிவுரை

பேரவையின் ஒரு நாளை முழுமையாக நோக்கினால், அது சொல்லைப் பொறுப்புடையதாக்கும் முயற்சி என்பது புலனாகும். வினா விடையைப் பிறப்பிக்கிறது, விடை உறுதிமொழியாகிறது, உறுதிமொழி பதிவாகிறது, பதிவு பின்வருவோர் கையில் கருவியாகிறது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் இழப்பு குடிமக்களுக்கே.

மொழித்துறை மாணவர்க்கு இங்கே பணி காத்திருக்கிறது. ஓர் ஆண்டின் வினாக்களை நன்னூல் வகைப்படி பகுத்து, எத்தனை விடைகள் நேர் விடைகள், எத்தனை குறிப்பு விடைகள் என்று கணக்கிடுதல் பட்டப்படிப்பு மாணவராலும் இயலும். ஊர்ப் பெரியவர்கள் தம் தொகுதி உறுப்பினரிடம் கோரிக்கை மனு அளிக்கும்போது, 'இதனைப் பேரவையில் வினாவாக எழுப்புங்கள்' என்று ஒரு வரியையும் சேர்த்தல் நலம். விடை வந்தபின் நாளையும் வினா எண்ணையும் குறித்துவைத்து, அடுத்த ஆண்டு அதே விடையைக் காட்டி மீண்டும் கேட்க வேண்டும். வாக்களித்ததோடு நம் கடமை முடிவதில்லை. வினவுதலும் குடிமகனின் கடமையே.